அழுகைக்கு நான் போட்ட நாலு மார்க்

1. ஐந்து பேர், ஒரே பதில்

தில்லை நகரில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. அதன் இரண்டாவது மாடியில் நர்சிங் சூப்பரின்டெண்ட் பாத்திமா சிஸ்டரின் அறை. எங்கள் பள்ளியின் ப்ளஸ் ஒன் மாணவிகள் ஐந்து பேர் அங்கே வரிசையாக நின்றார்கள். காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு வாரம் இந்த ஆஸ்பத்திரி வார்டில் இருந்து, நர்ஸ் வேலை என்றால் என்ன என்று நேரில் பார்க்கப் போகிறவர்கள். அன்றைக்கு அறிமுகம் மட்டும்தான். கூட்டிக்கொண்டு போனது நான். கேரியர் கைடன்ஸ் மிஸ்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். "ஒரு பேஷண்ட் உங்களைக் கண்டபடி திட்டுறாரு. என்னம்மா பண்ணுவீங்க?"

முதலில் நின்றவள் ஒப்பித்தாள். "ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, மனதுக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணி, நேர்மறையாகச் சிந்திப்பேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது பெண்ணைக் கேட்டார். அவளும் ஆழமாக மூச்சை இழுத்து விட்டாள், பத்து வரை எண்ணினாள், நேர்மறையாகச் சிந்தித்தாள். மூன்றாவது பெண் ஆரம்பித்தபோது நான்காவது பெண்ணின் உதடும் சேர்ந்தே அசைந்தது. சிஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நீ பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள அந்த ஆளு ட்ரிப்ஸைப் புடுங்கிப் போட்டுட்டு எந்திரிச்சிருவாரும்மா."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிஸ்டர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"மிஸ், இது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரியா கோவம் வரும்?"

இந்தக் கேள்வியை என் இரண்டு வருஷப் படிப்பில் யாரும் கேட்டதில்லை. ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் ஏறி இறங்குகிற வரைக்கும் அதுவே காதில் ஓடியது.

2. மார்க் எப்படி வந்தது

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் மெர்லின். வீடு பாலக்கரை. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் கேரியர் கைடன்ஸ் வேலையில் சேர்ந்தேன். எனக்கு முன்னால் அந்த பீரியடில் என்ன நடந்தது என்றால், 'ப்ளஸ் டூவுக்குப் பின் என்ன படிக்கலாம்' என்ற போஸ்டர் ஒன்று சுவரில் தொங்கும். யாராவது அதைப் பார்த்து கட்-ஆஃப் மார்க் வாசிப்பார்கள். பெல் அடிக்கும்.

எனக்கு அது போதவில்லை. ஒரு வேலைக்கு என்ன படிக்கணும் என்று மட்டும் சொன்னால் எப்படி? அந்த வேலையில் எப்போது பயம் வரும், எப்போது கோபம் வரும், வந்தால் யாரிடம் சொல்லலாம், பக்கத்து சீட்டில் இருக்கிறவர் சோர்ந்துபோனால் எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாமும் வேலைதானே? சமூக, உணர்வுக் கற்றல் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். சுருக்கமாக எஸ்.இ.எல். அதை அப்படியே கேரியர் பீரியடுக்குள் கொண்டுவந்து விட்டேன்.

ஆரம்பம் அமோகம். 'வீட்டில் வேலைக்குப் போகிற ஒருவரிடம், இன்றைக்கு வேலையில் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டு வா' என்றேன். ஜவுளிக்கடை சேல்ஸில் இருக்கும் அம்மாவிடம் கேட்ட ஒரு பெண் மறுநாள் எழுந்து சொன்னாள்: "அம்மா வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் யார்கிட்டயும் பேச மாட்டாங்க மிஸ். எம்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நாள் முழுக்க கஸ்டமர்கிட்ட பேசிப் பேசி வாய் ஓஞ்சு போச்சுன்னு நேத்துதான் சொன்னாங்க." இந்த மாதிரி ஒரு பீரியட் வாய்த்தால் ஒரு மாசத்துக்குத் தெம்பு.

எங்கள் தலைமையாசிரியை வேதவல்லி மேடம். கணக்கு டீச்சராக இருந்து மேலே வந்தவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மெர்லின், மார்க் இல்லாத பீரியட்ல குழந்தைகள் ரெக்கார்டு நோட்டுதான் எழுதும்."

"மேடம், இது உணர்வு சம்பந்தப்பட்டது. இதுக்கு எப்படி மார்க்..."

"ஆஸ்பத்திரிக்காரா அஞ்சு சீட்டுதான் குடுத்திருக்கா. போறேன்னு கை தூக்கறது இருபது பேர். நாளைக்கு ஒரு அப்பா வந்து, எம்பொண்ணுக்கு ஏன் சீட் இல்லைன்னு நின்னா, உணர்வு சம்பந்தப்பட்டதுன்னு சொல்லுவியா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கோ ஒரு யோசனை கொடுத்தால் போதும், அன்றைக்குச் சாயங்காலமே அதற்கு அட்டவணை போட்டுவிடுவேன். போட்டேன். உணர்வைப் பெயர் சொல்லுதல் ஐந்து, அமைதிப்படுத்திக்கொள்ளும் முறை ஐந்து, நேர்மறைச் சிந்தனை ஐந்து, எழுத்து நடை ஐந்து. ஆக இருபது. அதோடு விட்டேனா, லேமினேஷன் வேறு செய்து மாட்டினேன். பிள்ளைகள் குழம்பக் கூடாதே என்று போர்டில் ஒரு மாதிரி விடையும் எழுதிப் போட்டேன். ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, மனதுக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணி.

நான் வைத்த டெஸ்டில் இருபதுக்கு இருபது எடுத்தவர்களில் அந்த ஐந்து பேருக்கு சீட் கிடைத்தது. அநேகமாக எல்லாரும் இருபது எடுத்திருந்ததால் கடைசியில் கையெழுத்து அழகைப் பார்த்துத்தான் பிரித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

3. ஜெராக்ஸ் கடை

தில்லை நகரிலிருந்து திரும்பியவுடன் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். லீவு வாரத்துக்கான பெற்றோர் ஒப்புதல் படிவம் நகல் எடுக்கணும். கடை அண்ணன் மெஷினில் பேப்பரை வைத்துக்கொண்டே சொன்னார்.

"மிஸ், உங்க சப்ஜெக்ட் நோட்ஸ் நல்லா போவுது."

"என் சப்ஜெக்ட்டுக்கு ஏது நோட்ஸ்?"

பின் அடித்த இரண்டு தாளை எடுத்து நீட்டினார். 'வாழ்க்கைத் திறன்: முக்கிய வினா விடை'. கோபம் வந்தால் என்ன செய்வாய், தோல்வி வந்தால் என்ன செய்வாய், நண்பர் அழுதால் என்ன செய்வாய். எல்லாவற்றுக்கும் நான் போர்டில் எழுதிய அதே வாக்கியம், கொஞ்சம் கொஞ்சம் மாற்றி. முதல் கேள்விக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டார். 'கண்டிப்பாக வரும்'.

"இதுல இல்லாத கேள்வி ஏதாச்சும் கேக்கப் போறீங்களா மிஸ்? சொன்னீங்கன்னா சேத்துடுவேன், பிள்ளைங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே உதவி செய்கிறார்.

ஒரு செட் எனக்கும் வாங்கிக்கொண்டேன்.

4. முப்பத்தெட்டாவது பேப்பர்

ஸ்டாஃப் ரூமுக்கு வந்து விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். மறுபடி எல்லாவற்றையும் படித்தேன். 'உங்களைக் கலங்க வைத்த ஒரு நிகழ்வையும் அதை நீங்கள் கையாண்ட விதத்தையும் எழுதுக' என்பது கேள்வி. யாரோ ஒருவர் திட்டுகிறார். மூச்சு. பத்து. நேர்மறை. அடுத்தது. மூச்சு. பத்து. நேர்மறை. திருத்தியபோது இது எனக்குத் தெரியவில்லையா? தெரிந்தது. நான் சொல்லிக் கொடுத்தது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

கட்டின் அடியில் முப்பத்தெட்டாவது பேப்பர் வேறு மாதிரி இருந்தது. இலக்கியாவுடையது. துறையூர் தாண்டி ஒரு கிராமத்துப் பெண். திருவானைக்கோவிலில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வகுப்பில் பின் பெஞ்ச். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'அப்பா வாய்க்கா வெட்டும்போது மம்முட்டி காலில் பட்டுவிட்டது. ரத்தம் நிக்கவில்லை. அம்மா சந்தைக்குப் போயிருந்தாங்க. நான் அழுதேன். அழுதுகிட்டே என் தாவணியைக் கிழித்துக் கட்டினேன். கை நடுங்கியது. 108க்கு போன் போட்டேன், ஊர் பேர் கேட்டார்கள், குரல் வரவில்லை. மறுபடி கேட்டார்கள், சொன்னேன். அழாதடி என்று அப்பா கத்தினார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபத்தோடவே வண்டி வரும்வரை அவர் காலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். வண்டி போன பிறகும் அழுதேன்.'

அதன் கீழே என் சிவப்பு மை. உணர்வைப் பெயர் சொல்லுதலுக்கு மூன்று. அமைதிப்படுத்தும் முறைக்கு பூஜ்யம். நேர்மறைக்கு பூஜ்யம். நடைக்கு ஒன்று. மொத்தம் நாலு. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'சுயக் கட்டுப்பாடு இல்லை.'

வார்டில் ஒரு நர்ஸ் செய்ய வேண்டிய அத்தனையும் அந்தப் பத்து வரியில் இருந்தன. அழுகையும் இருந்தது. நான் அழுகைக்கு மட்டும் மார்க் போட்டிருக்கிறேன்.

மறுநாள் லேப் வராண்டாவில் அவளைப் பிடித்தேன்.

"இலக்கியா, ஆஸ்பத்திரி லிஸ்டுக்குக் கை தூக்கினியே, நர்சிங்ல இன்ட்ரஸ்ட்டா?"

"ஆமா மிஸ். ஆனா பரவால்ல மிஸ்."

"என்ன பரவால்ல?"

"அப்பா பி.காம்.னு முடிவு பண்ணிட்டாரு மிஸ். துறையூர்லயே காலேஜ் இருக்கு, வீட்டுலேர்ந்தே போயிட்டு வரலாம்னு. எதுக்கெடுத்தாலும் அழுவுறவ எப்படி ஊசி போடுவன்னு கேக்குறாரு." தரையைப் பார்த்தபடி சேர்த்தாள். "ரிப்போர்ட் கார்டுல நீங்களும் அதத்தானே மிஸ் எழுதியிருந்தீங்க. 'பாரு, டீச்சரே எழுதிட்டாங்க'ன்னு காட்டுனாரு."

ஆமாம். சிவப்பு மை விடைத்தாளோடு நிற்கவில்லை. ரிப்போர்ட் கார்டிலும் ஏற்றியிருந்தேன். இலக்கியாவுக்கு ஆஸ்பத்திரி சீட் போனதோடு போகவில்லை. நர்சிங் வேண்டாம் என்று சொல்ல அவள் அப்பாவுக்கு நானே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

5. ஆறாவது பாஸ்

ஹெச்.எம். அறைக்குப் போய் நோட்ஸையும் விடைத்தாளையும் மேஜைமேல் வைத்தேன். லிஸ்டை மாத்தணும் மேடம் என்றேன்.

வேதவல்லி மேடம் இரண்டையும் நிதானமாகப் படித்தார். இலக்கியாவின் தாளை மட்டும் இரண்டு தரம்.

"லிஸ்டுல கையெழுத்துப் போட்டு ஒட்டியாச்சு. இப்ப ஒருத்தியை எடுத்துட்டு இவளைப் போட்டா, எடுத்தவ என்ன தப்புப் பண்ணினா? நீ கேட்டதைத்தானே எழுதினா?"

அதுவும் சரிதான். ஐந்து பேர் மேலும் தப்பில்லை. தப்பு அட்டவணையில்.

ஆறாவதாக ஒரு சீட் கேட்கலாம் என்று பாத்திமா சிஸ்டருக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் மேடம்.

"இடமில்லம்மா" என்றார் சிஸ்டர். "வார்டுல ஆறு பேருக்கு மேல நின்னா டாக்டர் ரவுண்ட்ஸ் வர முடியாது. அஞ்சு ஸ்டூடன்ட், ஒரு ஸ்டாஃப். ஆறு பாஸ் குடுத்துட்டேன்."

ஆறாவது பாஸ் என் கைப்பையில் இருந்தது. 'உடன் வரும் ஆசிரியர்'. அந்த வாரத்துக்காக நான் புது நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். வார்டில் பிள்ளைகள் பின்னாலேயே போய், யார் எப்போது பதறுகிறார்கள், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் குறித்து, பயிற்சிக் கூட்டத்தில் வாசிப்பதாகத் திட்டம்.

"சிஸ்டர், என் பாஸை அந்தப் பொண்ணுக்குக் குடுத்தா?"

"அப்ப நீங்க?"

"கீழ ரிசப்ஷன்ல இருக்கேன். ஏதாவதுன்னா கூப்பிடுங்க."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "நல்லதாப் போச்சு. நோட்டும் பேனாவுமா பின்னாலயே ஒரு டீச்சர் வந்தா என் பிள்ளைங்களுக்குக் கை ஓடாது. அனுப்புங்க."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வாரம் நீ ரிசப்ஷன்ல என்ன பண்ணப் போற?"

"உட்காந்திருப்பேன் மேடம்."

"நீயா? உட்காந்திருப்பியா?" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஒப்புதல் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "இதுல அவ அப்பா கையெழுத்து வேணும். ரிப்போர்ட் கார்டுல எழுதினதையும் நீயே போய் சொல்லிட்டு வா. போன்ல வேண்டாம்."

6. துறையூர் பஸ்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை ஜன்னல் காற்றில் ஒத்திகை பார்த்தேன். துறையூரில் இறங்கி இன்னொரு பஸ். இலக்கியாவின் அப்பா மாணிக்கம் வீட்டு வாசலில் சின்ன வெங்காயத்தைப் பரப்பி, அழுகினதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவசரமாகத் துண்டை உதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சரம்மா. பாப்பா ஏதும் தப்புப் பண்ணிருச்சுங்களா?"

"இல்லைங்க ஐயா. நான்தான் பண்ணிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. ரிப்போர்ட் கார்டைக் கொண்டுவரச் சொல்லி அந்த வரியைக் காட்டினேன்.

"இதுவாங்க? இது சரியாத்தானே எழுதியிருக்கீங்க. ஆடு குட்டி போட்டா அழுவும். அந்தக் குட்டிய வித்தா அழுவும். பள்ளிக்கூடத்துல சேர்த்துவிட்டு நான் பஸ் ஏறுனப்ப அழுதுச்சு பாருங்க, கண்டக்டரே இறங்கிட்டாரு."

"இந்த நாலு மார்க் எதுக்குப் போட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"படிக்கலீங்களே. பேப்பரை நீங்க குடுக்கலீங்களே."

விடைத்தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். மம்முட்டி என்ற இடத்தில் வெங்காயத்தில் இருந்த கை நின்றது. தாவணியைக் கிழித்த இடத்தில் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டார். கட்டைவிரலுக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு. 'எனக்கு அவர் மேல் கோபம் வந்தது' என்று படித்தபோது லேசாகச் சிரித்தார்.

"கோவமா? எம்மேலயா? எழுதியே வெச்சிருச்சா?"

"எழுதியிருக்கா."

ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தார். பிறகு, "ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாருங்க, யாருய்யா இத கட்டுனது, நல்லா இறுக்கிக் கட்டியிருக்குன்னு. எம் பொண்ணுன்னு சொன்னேன். அத இதுகிட்ட நான் சொல்லவே இல்ல போலருக்கு" என்றார்.

நான் பேனாவை எடுத்து ரிப்போர்ட் கார்டில் அந்த வரியை அடித்தேன். கீழே 'தவறாக மதிப்பிட்டுவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"டீச்சருங்க தான் எழுதுனதத் தானே அடிச்சு நான் பாத்ததில்லீங்க" என்றார். படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் என்னிடம் திருப்பித் தருவதற்கு முன்னால் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிப்புடுறேன் டீச்சரம்மா. ஒரு வாரம் போவட்டும். நடுவுல என்னால முடியலன்னு அழுதுக்கிட்டு வீட்டுக்கு வந்துருச்சுன்னா, அப்புறம் நர்ஸ்ங்கற பேச்சே எடுக்கக் கூடாது. நீங்களும் வரக் கூடாது. பி.காம்.தான்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

7. ரிசப்ஷன்

திங்கட்கிழமை ஆறு பேரும் லிஃப்டில் ஏறினார்கள். நான் மருந்துக் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்தேன். செக்யூரிட்டி அண்ணன் மூன்று தரம் வந்து, "நீங்க யாரைப் பாக்கணும்?" என்றார். யாரையும் இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். செவ்வாய்க்கிழமைக்குள் அந்த ஆஸ்பத்திரியின் டோக்கன் முறை முழுக்க எனக்கு அத்துப்படி. மேலே என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் சொல்வதுதான். படுக்கை விரிப்பு மாற்றினார்களாம். டெம்பரேச்சர் சார்ட் பார்க்கக் கற்றுக்கொண்டார்களாம். இருபதுக்கு இருபது வாங்கின ஒருத்தியை ஒரு தாத்தா "ஏய் குட்டச்சி" என்று கூப்பிட்டாராம். "பத்து எண்ணுனியாடி?" என்று மற்றவர்கள் கேட்க, "எங்க எண்ணுறது, சிரிப்பு வந்துருச்சு" என்றாள். இலக்கியா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை பதினொரு மணி இருக்கும். லிஃப்டுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் இலக்கியா இறங்கி வந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர். கையில் பை இல்லை. வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளோ என்று அதைத்தான் முதலில் பார்த்தேன்.

எழுந்து ஓடினேன். "என்னாச்சும்மா?"

"ஒரு அண்ணனுக்குக் கால்ல சுகர் புண்ணு மிஸ். சிஸ்டர் டிரெஸ்ஸிங் பண்ணாங்க, நான் ட்ரே பிடிச்சிருந்தேன். அவரு வலியில கத்துனாரு. எங்கப்பா கத்துன மாதிரியே."

என் வாய்க்குள் மூச்சும் பத்தும் தயாராக வந்து நின்றன. போகாதே, போய்விட்டால் பி.காம்.தான், உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா என்பதும் வந்து நின்றது. வாயைத் திறந்துவிட்டேன்.

"மிஸ், இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ். ப்ளீஸ்."

மூடிக்கொண்டேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். வெறுமனே நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மருந்து வாங்க வந்த ஒரு அம்மா, "வீட்ல யாருக்குப்பா முடியல?" என்று விசாரித்தார். டோக்கன் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்தாள். வாஷ் பேசினில் முகம் கழுவினாள். துப்பட்டாவை மறுபடி பின் குத்திக்கொண்டாள்.

"பத்து நிமிஷம்னு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். பேண்டேஜ் சுத்தி முடிச்சிருக்க மாட்டாங்க" என்று படியேறினாள். அவசரத்தில் இரண்டு இரண்டு படியாக.

8. சனிக்கிழமை

கடைசி நாள் மகளைக் கூட்டிப் போக மாணிக்கம் நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. கையில் ஒரு பை வெங்காயம். சிஸ்டரைப் பார்க்கணும் என்றார். அன்றைக்கு மட்டும் என்னையும் மேலே விட்டார்கள்.

வணக்கம் சொல்லி, பையைக் கொடுத்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நேராகக் கேட்டார்.

"அழுதுச்சுங்களா?"

இலக்கியா என் பின்னால் ஒதுங்கினாள். சிஸ்டர் தயங்கவே இல்லை.

"அழுதா. புதன்கிழமை."

"என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. பத்து நிமிஷத்துல வரேன்னு சொல்லிட்டுக் கீழ போனா. வந்தா. அந்தப் பேஷண்ட் காலைப் பிடிச்சுக்கிட்டா, நான் கட்டி முடிச்சேன். மறுநாளு அவரு என்னைக் கூப்பிடல. 'அந்தக் கால் பிடிக்கிற பொண்ணு வரலியா'ன்னு கேட்டாரு."

"இல்லீங்க... நர்ஸ் வேலைன்னா கல்லு மாதிரி இருக்கணும்னு..."

"யாரு சொன்னது? நான் வேலைக்கு வந்த முதல் வருஷம் துணி வெக்கிற ரூம்ல போயி அழுவேன். இப்பவும் சில நாள் போவேன். என் ஸ்டாஃப் எல்லாருக்கும் அந்த ரூம் தெரியும்."

மாணிக்கம் சிஸ்டரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவளோ அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசல் வரைக்கும் போனவர் நின்று, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"ஏன் டீச்சரம்மா, நர்சிங் காலேஜ்ல பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் இருக்குதுங்களா?"

9. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

அட்டவணையைக் கழற்றிவிட்டேன். மாதிரி விடை எழுதுவதில்லை. ஆஸ்பத்திரி சீட்டுக்கு இப்போது விருப்பப்பட்டவர்கள் பெயரை எழுதி, பெற்றோர் முன்னாலேயே குலுக்கிப் போடுகிறோம். இது வேதவல்லி மேடத்தின் யோசனை. குலுக்கலோடு எந்த அப்பாவும் சண்டை போட முடியாதாம். மார்க் போன பிறகு இரண்டு வாரம் பாதிப் பேர் என் பீரியடில் ரெக்கார்டு நோட்டு எழுதினார்கள், அதையும் மறைக்கவில்லை. பிறகு குறைந்தது. இப்போது வருகிற தாள்களில் பிழை அதிகம், முடிவு இருக்காது, சிலது மூன்று வரிதான். ஒரு கட்டு படிக்க எனக்கு ஒரு வாரம் ஆகிறது. ஒவ்வொன்றின் கீழும் மார்க்குக்குப் பதில் ஒரு கேள்வி எழுதித் தருகிறேன். அப்புறம் என்ன ஆச்சு? அப்போ பக்கத்துல யார் இருந்தாங்க?

நான் கற்றது இதுதான். ஒரு வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்காமல் நம் வாக்கியத்தை அவர்கள் வாயில் தேடக் கூடாது. தேடினால் கிடைக்கும். அழகான கையெழுத்தில் கிடைக்கும். அதுதான் ஆபத்து. பார்த்தது தப்பு என்று தெரிந்தால், யாரிடம் தப்பாகச் சொன்னோமோ அவரிடமே போய் அடித்து எழுத வேண்டும். பஸ் டிக்கெட் எடுத்துப் போனாலும் சரி.

இலக்கியா இப்போது ப்ளஸ் டூ. இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் படித்துக் காட்டி, பேரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொன்னாள்.

"புதன்கிழமை மட்டும்தான் அழுதேன்னு வருது மிஸ். வியாழக்கிழமையும் அழுதேன். நீங்க அப்ப டீ குடிக்கப் போயிருந்தீங்க."